ஒரு பிடி வெல்லம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜட்கா ஓட்டிய உங்கள் தாத்தாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதனால்தான் உங்களுக்கு எழுதலாம் என்ற துணிவு வந்தது. நான் காசிமேட்டில் பிறந்தவன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மெரினாவில் சவாரிக் குதிரை வைத்திருந்த ஒருவரிடம் பதினைந்து வயதில் ஒட்டிக்கொண்டேன். இப்போது நான்கு ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஒரு லாயத்தில் குதிரைக்காரனாக இருக்கிறேன்.

என் பொறுப்பில் ஒன்பது வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. தடை தாண்டும் போட்டிக்கானது. காகிதத்தில் அதற்கு வேறு பெயர். நான் தங்கம் என்றுதான் கூப்பிடுகிறேன், அதற்கும் அந்தப் பெயர்தான் தெரியும். முதலாளியின் மகள் மேற்பயிற்சிக்காக ஜெர்மனியில் ஒரு லாயத்துக்கு அதைக் கொண்டு போகிறார். ஐப்பசிக் கடைசியில் விமானம். நானும் கூடப் போய், மூன்று மாதம் இருந்து, அங்குள்ளவர்களிடம் பழக்கிவிட்டுத் திரும்ப வேண்டுமாம். குதிரையோடு விமானத்தில் நான் போனதே இல்லை.

கூட வேலை செய்கிறவர்கள், "எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடாதே, இரண்டு மூன்றை உன்னிடமே வைத்துக்கொள், நீ இல்லாவிட்டால் அது சாப்பிடாது என்றால்தான் உன்னை அங்கேயே வைத்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். அம்மாவோ, "கடல்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் குதிரையோடு ஆகாயத்தில் என்ன வேலை" என்று தொலைபேசியில் அழுகிறார். நான் என்ன செய்யட்டும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

போங்கள். தங்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அத்தனையையும் அங்கே சொல்லிவிடுங்கள். நண்பர்கள் சொன்னதைக் கேட்காதீர்கள்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு குதிரை காரணம். வேப்பேரியில் படித்து முடித்து, கால்நடை மருத்துவனாக வேலை பார்க்கத் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வடக்கே ஒரு பண்ணையிலிருந்து நகருக்கு வெளியே இருந்த ஒரு லாயத்துக்கு லாரியில் ஒரு குதிரை வந்து இறங்கியது. மூன்று நாள் பயணம். கூடவே ஒரு பெரியவர், அதைக் குட்டியிலிருந்து பார்த்துக்கொண்டவர், வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. அன்று மாலையே டிக்கெட் எடுத்துக் கொடுத்து அவரை ரயிலேற்றிவிட்டார்கள். குதிரை தண்ணீர்த் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பயணக் களைப்பு, நாளைக்குக் குடிக்கும் என்றேன். மறுநாளும் இரண்டு வாய்தான் நனைத்தது. மூன்றாம் நாள் இரவு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, காலால் உதைத்து, தரையில் விழுந்து புரண்டது. குடலில் தீவனம் வறண்டு அடைத்துக்கொண்டிருந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே போனது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். விடியும்வரை போராடினோம். போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து அந்த லாயத்துக்கு ஒரு தபால் அட்டை வந்தது. இந்தியில் இருந்ததால் அங்கே யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, என்னிடம் கொடுத்தார்கள். எனக்கும் தெரியாது. சௌகார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். அந்தப் பெரியவர் எழுதியிருந்தார். குதிரை நலமா, ஊர்த் தண்ணீர் பிடிக்காவிட்டால் ஒரு பிடி வெல்லம் கரைத்து வையுங்கள், குட்டியிலிருந்து அதற்கு அந்தப் பழக்கம், சொல்ல முயன்றேன், உங்களுக்குப் புரியவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நான் அந்த மனிதரிடம் கேட்டிருக்க வேண்டும். சைகையிலாவது கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் நண்பர்கள் வைத்துக்கொள்ளச் சொல்கிற 'இரண்டு மூன்று' அந்த ஒரு பிடி வெல்லமாக இருந்துவிட்டால்? நீங்கள் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் போதும்.

இந்தத் தந்திரம் புதிதும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கிழக்குக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். அவர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் குதிரைக்குப் போட்டார்கள். வைத்தியம் தெரிந்தவர் யாரும் இல்லை. குதிரை விற்ற வணிகர்கள் அப்படிப்பட்டவர்களைக் கப்பலில் அழைத்து வருவதில்லை, தாமாகப் போக நினைத்தவர்களையும் தடுத்தார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். கடல் கடந்து குதிரை வந்தது, அதைப் பற்றிய அறிவை மட்டும் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வணிகர்கள் செய்த வேலையைச் செய்ய உங்களுக்கு மனம் வராது. வந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் நண்பர்களின் பயத்தில் நியாயம் உண்டு. வேலை தெரிந்தவனைப் பிழிந்துவிட்டு அனுப்புகிற வழக்கம் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. அதற்கு மருந்து மறைப்பதில் இல்லை, முன்கூட்டியே கேட்டு வாங்குவதில் இருக்கிறது. மூன்று மாதச் சம்பளம் யார் தருகிறார், திரும்பும் டிக்கெட் யார் பெயரில் இருக்கிறது, நோய் வந்தால் காப்பீடு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விசா எந்த வகை என்று பாருங்கள். சுற்றுலாவுக்கான விசாவில் போய் அங்கே வேலை செய்வது சட்டப்படி குற்றம், மாட்டிக்கொள்வது நீங்களாகத்தான் இருக்கும். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும்.

இனி விமானம். நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் குதிரை பயப்படாது. சரக்கு விமானத்தில் இரண்டு மூன்று குதிரைகள் பக்கம் பக்கமாக நிற்கும் பெட்டியில் ஏற்றுவார்கள். பெட்டியைத் தரையிலேயே மூடி, அப்படியே தூக்கி உள்ளே வைப்பார்கள். பறக்கும்போது உள்ளே குளிராகத்தான் இருக்கும். ஆபத்து, பறக்காமல் தரையில் காத்திருக்கும் நேரத்தில். ஓடுதளத்தில் கதவு மூடி நிற்கும்போது பெட்டிக்குள் வெப்பம் ஏறிவிடும். ஷார்ஜா வெயில் உங்களுக்குத் தெரியாததா? ஏற்றும் நேரம் இரவா பகலா என்று முதலிலேயே கேளுங்கள்.

அடுத்தது தலை. தலையைத் தூக்கிக் கட்டிவிட்டால் குதிரை பெட்டிக்குள் அசையாது, பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும். பல மணி நேரம் தாழ்த்த முடியாமல் போனால் கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிடும். பயணக் காய்ச்சல் என்று நாங்கள் சொல்வது இதுதான். கயிற்றைத் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். விமானத்தில் பொறுப்பாளர் இருப்பார், அவர் சொல் கேட்க வேண்டும், ஆனால் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். லாரிப் பயணத்தில் நடுவழியில் நிறுத்தும்போதெல்லாம் தலையைக் கீழே விட வையுங்கள். உலர்புல்லை நனைத்துக் கொடுத்தால் தூசி அடங்கும், கொஞ்சம் தண்ணீரும் உள்ளே போகும். கொள்ளு, ஓட்ஸ் போன்ற தானியத்தைப் புறப்படுவதற்கு முந்தைய நாளே குறைத்துவிடுங்கள்.

இறங்கியபின் மூன்று நாளாவது காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. அதைத் தாண்டினால், தும்மல் இருமல் இல்லாவிட்டாலும், மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். புதிய இடத்தில் கேட்கத் தயங்குவீர்கள். தயங்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி நான் சொல்லாமல் இருக்க முடியுமா? 500 கிலோ குதிரை சும்மா நின்றாலே நாளுக்கு 25, 30 லிட்டர் குடிக்கும். அங்கே பல லாயங்களில் தானியங்கிக் கிண்ணம் இருக்கும், குதிரை மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும். எவ்வளவு குடித்தது என்று அதில் தெரியாது. முதல் வாரம் வாளியில் வையுங்கள், தங்கத்துக்குப் பழகிய அதே வாளியில். இப்போதிருந்தே தண்ணீரில் ஏதாவது ஒரு சுவையைப் பழக்குங்கள், ஆப்பிள் சாறோ கரும்புப் பாகோ. எந்த ஊர்த் தண்ணீரும் பிறகு அதே சுவையில் இருக்கும். அந்தத் தபால் அட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

புல் வேறு. ஷார்ஜாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், வெளிநாட்டுத் தீவனத்தைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். அங்கே எந்தப் புல் போடுகிறார்கள் என்று கேட்டு, அதற்கு நெருக்கமானதை ஷார்ஜாவிலேயே கலக்கத் தொடங்குங்கள். அங்கே ஈரப்பதத்தோடு சுற்றிக் கட்டி, லேசாகப் புளிக்கவைத்த புல்லும் கொடுப்பார்கள். அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள், ஆனால் ஒரே நாளில் மாற்றவும் விடாதீர்கள். பத்து நாளாவது வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் விடுகிறோம் என்றால் முதலில் கால் மணி நேரம் போதும். பாலைவனத்துக் குதிரை பச்சையைக் கண்டால் நிறுத்தாது. திடீரென்று தின்ற இளம்புல் குளம்புகளைக்கூட நாசமாக்கும். குதிரையின் குளிர்கால மயிர் பகல் சுருங்கச் சுருங்க வளர்வது. அது வளரும்வரை போர்வை தேவை.

காகிதங்களைப் பற்றிச் சலித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, நோய் இல்லை என்று தெரியும்வரை பிரித்து வைக்கும் தனிமைக் காலம் என்று இழுத்தடிக்கிறார்களே என்று தோன்றும். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் குதிரைப் போட்டிகளை மட்டும் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள், ஆஸ்திரேலியாவின் தனிமை விதி அவ்வளவு கடுமை. அந்த நாட்டிலேயே 2007இல் குதிரைக் காய்ச்சல் தனிமைக் கொட்டிலைத் தாண்டிப் பரவி, பல்லாயிரம் குதிரைகளைப் பிடித்தது. அங்கிருந்து வெளியே போன யாரோ ஒருவரின் கையோ உடையோ கருவியோதான் அதைச் சுமந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. நம் தொழிலில் கைகழுவுவது சின்ன வேலை இல்லை. ஷார்ஜாவில் போட்ட பூட்ஸை அங்கே போடாதீர்கள்.

நம் நாட்டிலிருந்து குதிரையை நேராக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவது நெடுங்காலமாகப் பெரும்பாடு. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸாஜ் எனப்படும், குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் குழுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற நம் நால்வரும் ஐரோப்பாவிலேயே தங்கி, அங்குள்ள குதிரைகளில் பயின்றவர்கள். 2025 ஜூலையில் மீரட்டில் உள்ள ராணுவக் குதிரை மையத்துக்கு நோயற்ற வளாகம் என்ற சர்வதேச ஏற்பு கிடைத்தது. இனி கதவு மெல்லத் திறக்கும். அந்த நால்வரின் பெயர்களும் செய்தித்தாளில் வந்தன, குதிரைகளின் பெயர்கள்கூட வந்தன. அவற்றுக்குத் தண்ணீர் வைத்தவர்களின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை. இது என்னை உறுத்துகிறது. அதனால்தான் உங்களை எழுதச் சொல்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தங்கத்தைப் பற்றித் தமிழிலேயே எழுதுங்கள். எந்தக் காதைத் தொட்டால் பிடிக்காது, லாடம் அடிக்கும்போது எந்தக் காலை முதலில் தூக்க வேண்டும், இடி இடித்தால் என்ன செய்யும், சாணம் வழக்கமாக எப்படி இருக்கும், நாளுக்கு எத்தனை முறை. முதலாளியின் மகளிடம் கொடுத்து மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், முதல் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மறைத்து வைத்தால் மூன்று மாதத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், தங்கம் மட்டும் அதுவரை தவிக்கும். எழுதிக் கொடுத்தவரை மறப்பது கடினம். அவர்கள் உங்களை வைத்துக்கொள்வார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அடுத்த லாயத்தில் வேலை கேட்கும்போது காட்ட உங்கள் கையில் ஒன்று இருக்கும்.

அம்மாவுக்கு ஒரு சேதி. 1834 வாக்கில் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகள் சென்னைக் கரையில் இறங்கும் காட்சி. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நிற்கும். ஆளும் சரக்கும், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகில்தான் கரைக்கு வரும். அந்த ஓவியத்தில் குதிரைகளோடு கட்டுமரங்களும் மசூலாப் படகும் இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு வேலர் என்று பெயர், பட்டாளத்துக்காக வந்தவை. மாதக்கணக்கில் கடலில் ஆடிவிட்டு வந்த குதிரையை இந்த அலையில் கரையேற்ற யாரால் முடிந்திருக்கும்? இந்தக் கரையின் மீனவர்களால்தான். கடல்காரர் வீட்டுக்கும் குதிரைக்கும் உறவு இல்லை என்று அம்மா சொன்னால், இருக்கிறது என்று சொல்லுங்கள். காசிமேடு எனக்கு நடந்து போகிற தூரம். நீங்கள் சம்மதித்தால் அந்தப் படத்தின் பிரதியோடு நானே போய் அவரைப் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆழ்ந்து உறங்க மட்டும் அது படுத்தாக வேண்டும். புதிய லாயத்தில் நம்பிக்கை வரும்வரை படுக்காது, சில குதிரைகளுக்கு நாட்கணக்கில் ஆகும். இரவெல்லாம் காவல் இருக்க வேண்டாம். காலையில் விலாவிலும் வாலிலும் வைக்கோல் துரும்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையாவது நாள் தங்கத்தின் மேல் அதைப் பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.