சூழ்பொருளியலுக்கும் குறியியலுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் பொருளைத்தானே ஆராய்கின்றன?

ஆம், இரண்டும் பொருளைத்தான் ஆராய்கின்றன. ஆனால் செமியோட்டிக்ஸ் எனப்படும் குறியியல், எது இன்னொன்றைக் குறித்து நிற்கிறதோ அதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். சொன்னவர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும் என்று அது கேட்பதில்லை. பிராக்மாட்டிக்ஸுக்கு, அதாவது சூழ்பொருளியலுக்கு, ஆள் வேண்டும். இன்னார் இன்னாரிடம் இந்த நேரத்தில் இதைச் சொன்னபோது எதைக் கருதினார், கேட்டவர் அதை எப்படிக் கண்டுகொண்டார் என்பதே அதன் கேள்வி.

குழப்பத்துக்கு ஒரு பழைய வரைபடம் காரணம். அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் மாரிஸ் 1938இல் குறியியலை மூன்றாகப் பிரித்தார். குறிகள் தமக்குள் கொள்ளும் உறவு தொடரியல். குறிக்கும் அது சுட்டும் பொருளுக்கும் உள்ள உறவு பொருண்மையியல். குறிக்கும் அதைக் கையாள்பவருக்கும் உள்ள உறவு சூழ்பொருளியல். இந்தக் கணக்கில் சூழ்பொருளியல் குறியியலின் ஒரு கிளைதான். பாடநூல்கள் இன்றும் இதைத் தருகின்றன. தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் இதை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இரண்டு துறைகளும் ஏன் ஒன்றோடொன்று இவ்வளவு குறைவாகப் பேசிக்கொள்கின்றன என்பது விளங்காது. குறியியல் சுவிஸ் மொழியியலாளர் சசூரிடமிருந்தும் அமெரிக்கத் தத்துவவாதி பியர்ஸிடமிருந்தும் வந்தது. இன்றைய சூழ்பொருளியலின் பெரும்பகுதி ஆஸ்டின், கிரைஸ் என்ற இரண்டு ஆக்ஸ்போர்டு தத்துவவாதிகளிடமிருந்து வந்தது.

தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்றில் ஏறிப் பார்த்தால் இது தெளிவாகும். நடத்துனர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கவேண்டும்; இரண்டு அடித்தால் புறப்படலாம். ஒற்றை விசிலுக்குள் ‘நிற்றல்’ என்று எதுவும் ஒளிந்திருக்கவில்லை. தலைகீழாக வைத்திருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். ஒன்று, இரண்டு என்ற வேறுபாடுதான் பொருளைத் தாங்குகிறது. சசூர் மறைந்த பின், மாணவர்களின் குறிப்புகளைக் கொண்டு 1916இல் வெளியான நூலில் மொழியைப் பற்றி உள்ள அடிப்படைக் கருத்தும் இதுவே. பியர்ஸின் வலை இன்னும் அகலமானது. அதில் புகையும் சிக்கும். நம் தருக்க நூல்கள் மலைமேல் காட்டி நெருப்பை அனுமானிக்கச் சொல்லும் அதே புகைதான். புகையை யாரும் நமக்குச் செய்தியாக அனுப்பவில்லை. இருந்தும் அது நெருப்பின் சுட்டுக்குறி, அதாவது நெருப்போடு உள்ள நேரடித் தொடர்பாலேயே அதைக் காட்டிக்கொடுக்கும் குறி.

கிரைஸ் புகையை வெளியே நிறுத்துகிறார். 1957இல் வந்த கட்டுரையில் அவர் இரண்டு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்தார். உடலில் தோன்றிய புள்ளிகள் தட்டம்மையைக் குறிக்கின்றன. பேருந்தில் மணி மூன்று முறை அடித்தால் வண்டி நிறைந்துவிட்டது என்று பொருள். “புள்ளிகள் தட்டம்மையைக் குறிக்கின்றன, ஆனால் இவருக்குத் தட்டம்மை இல்லை” என்று சொல்வது பிதற்றல். “மணி நிறைந்துவிட்டது என்கிறது, ஆனால் நடத்துனர் தவறாக எண்ணிவிட்டார், இடம் இருக்கிறது” என்று தாராளமாகச் சொல்லலாம். ஏனென்றால் மணிக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். அவர் ஒன்றைத் தெரிவிக்க நினைத்தார். பியர்ஸ் புள்ளியையும் மணியையும் சேர்த்தே எடுப்பார். என்னைக் கேட்டால், மாரிஸின் மூன்று பெட்டிகளைவிட இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது பயன் தரும்.

அடுத்து, சன்னல் வழியே இருக்கையில் விழும் துண்டு. குறியியல் படித்தவர், துண்டு செல்லுபடியாகும்போது காலித் தண்ணீர் பாட்டில் ஏன் போதவில்லை என்று கேட்பார். தோளில் கிடந்த பொருள் அதற்கு உரியவரையே சுட்டுகிறது, வழக்கமும் அதை உறுதி செய்கிறது என்று விடை தேடுவார். சொல்வதும் ஒரு செயலே என்ற ஆஸ்டின் வழி வந்தவருக்குத் துண்டைப் போடுவதும் ஒரு செயல், அது செல்ல நிபந்தனைகள் உண்டு. வண்டி கிளம்பியும் ஆள் வராவிட்டால் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காரலாம். (இதில் ஒத்துப்போகாதவர்களுடன் நான் வாதிடுவதில்லை, நின்றுகொண்டே போய்விடுகிறேன்.)

நீங்கள் “இங்கே ஆள் வருகிறார்களா?” என்று கேட்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர், “துண்டு கிடக்கிறதே” என்கிறார். ஆம் என்றும் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. உங்கள் கண்ணுக்கே தெரிவதைத்தான் சொன்னார். ஆனாலும் நீங்கள் அடுத்த இருக்கையைத் தேடுகிறீர்கள். சூழ்பொருளியல் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

தமிழ் படித்த எவருக்கும் இது புதிதல்ல. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் குறிப்பாகப் பொருள் தருபவை. “கடைக்குப் போவாயா?” என்றால் “நீயே போ” என்பது ஏவல், “கால் வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல். கேள்வி கடையைப் பற்றியது, பதில் காலைப் பற்றியது. இருந்தும் பவணந்தி முனிவர் அதை விடையாகவே ஏற்றுக்கொண்டார். தேர்வுக்காக நாம் உருப்போட்ட இந்தப் பட்டியல் 13ஆம் நூற்றாண்டினது. மதிப்பெண் வாங்கியதோடு அதை மறந்துவிட்டோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘கிரைஸ் சொன்னதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்று மார்தட்டவும் கூடாது. நன்னூல் வகை சொல்கிறது. கால்வலியிலிருந்து மறுப்புக்குக் கேட்பவர் எப்படிப் போய்ச் சேர்கிறார் என்ற வழியை விரித்துச் சொல்லவில்லை. 1967இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் கிரைஸ் எடுத்துக்கொண்டது அந்த வழியை. பேசுபவர் ஒத்துழைக்கிறார் என்று கேட்பவர் நம்புகிறார். பதில் தொடர்பில்லாததுபோல் தெரிந்தால், தொடர்புபடுத்தும் பொருளை அவரே தேடி எடுக்கிறார். அப்படி எடுத்த பொருள் சொல்லில் இல்லை என்பதற்கு ஒரு சோதனையும் உண்டு: அதைத் திரும்பப் பெறலாம். “கால் வலிக்கிறது, ஆனாலும் போய் வருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் முரண்பாடு எதுவும் இல்லை. “இரண்டு விசில் அடித்தேன், ஆனாலும் புறப்படச் சொல்லவில்லை” என்று நடத்துனர் சொன்னால் ஓட்டுநர் ஏற்கமாட்டார்.