ஹெட்போனில் குரல் பிந்தி வருவது ஏன்?

வணக்கம். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ரிவெர்ப் (அறையில் எதிரொலிப்பது போன்ற விளைவு) போட்டுக்கொண்டு பாடினால் உங்கள் குரலே சற்றுப் பிந்தி ஹெட்போனில் வந்து தாளத்தைக் குலைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கணினியைக் குறை சொல்லாதீர்கள். பஃபர் அளவு, அதாவது கணினி ஒரு தவணையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கை, 1024 என்று வைத்திருப்பதுதான் காரணம். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் அது உள்ளே போக 21 மில்லிசெகண்ட், வெளியே வர இன்னொரு 21. அதோடு யாருக்கும் பாட வராது. 128க்கு இறக்குங்கள், ஒரு வழிக்கு மூன்றுக்கும் குறைவாகிவிடும். படபடவென்று சத்தம் வெடித்தால் 256. பதிவு முடிந்து மிக்ஸ் செய்யும்போது (டிராக்குகளைக் கலந்து சீராக்கும்போது) மீண்டும் 1024க்கே போய்விடலாம்.

அப்படியும் பிந்தினால், எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். நான் ஒருமுறை பஃபரை 64 வரை இறக்கிவிட்டு ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், மாஸ்டரில் போட்டு மறந்துபோன ஒரு லிமிட்டர் (ஒலி அளவு மீறாமல் அமுக்கும் கருவி)! வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து அமுக்கும் லிமிட்டர்களும் லீனியர் ஃபேஸ் வகை ஈக்வலைசர்களும் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் திருத்துபவை) தம் பங்குக்குத் தாமதத்தைச் சேர்ப்பவை. பாடும்போது அவற்றை அணைத்துவிடுங்கள்.

ரிவெர்ப் பதிவிலேயே ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம். டிராக்கின் வழக்கமான எஃப்எக்ஸ் (விளைவுகள்) பொத்தானில் போட்டது காதுக்கு மட்டும்தான். கோப்பில் வெறும் குரலே பதிவாகும். இன்புட் எஃப்எக்ஸில் போட்டால்தான் வம்பு. அது குரலோடு சேர்ந்தே பதிவாகும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.

குரல் இரட்டையாகக் கேட்டால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில், குரலைக் கணினிக்குப் போகாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.