கேட்டதும் சொன்னதும்: மகள் ட்ரெஸ்டனில், அம்மா திருச்சியில்

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காக ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்துக்குப் போயிருக்கிறாள். டிசம்பர் பிறந்ததிலிருந்து விளக்கு, சந்தை என்று தினமும் போட்டோ அனுப்புகிறாள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அறைத்தோழிகள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்களாம். இவள் தனியாக என்ன செய்வாள்? நீங்கள் அங்கே இருந்தவராயிற்றே, சொல்லுங்களேன்.
ஒரு தாய், திருச்சி

பதில்: ஆறு வருடம் இருந்தேன் அம்மா. சந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், அங்கே யாருக்கும் தனிமை தோன்றாது. 1434-இலிருந்து கூடுகிற கிறிஸ்துமஸ் சந்தை அது. நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், பட்டையும் கிராம்பும் மணக்க ஆட்கள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். சூடான ஒயின் வேண்டாமென்றால் குழந்தைகளுக்கான ‘கிண்டர்புன்ஷ்’ கேட்கச் சொல்லுங்கள். மசாலா போட்டுச் சூடாக்கிய பழச்சாறு. குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது 24-ஆம் தேதியைத்தான். நான் பொறையார்க்காரி. எங்கள் பக்கம் 24 இரவில்தான் தெருவே விழித்திருக்கும். அங்கே நேர்மாறு. மதியம் இரண்டு மணிக்குள் கடைகளை அடைத்துவிடுவார்கள். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. பரிசு கொடுப்பது, சாப்பிடுவது எல்லாம் 24 சாயங்காலமே, வீட்டுக்குள், குடும்பத்தோடு. இது தெரியாமல் முதல் வருடம் நாலு மணிக்குப் பால் வாங்கக் கிளம்பினேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா ஜன்னலிலும் வெளிச்சம், எனக்கு மட்டும் போக்கிடமில்லை. அழுதுகொண்டேதான் திரும்பினேன்.

படிக்கட்டில் மேல்மாடிப் பாட்டி பார்த்துவிட்டார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் வைத்தார். பல வீடுகளில் அன்றைய சாப்பாடே அதுதான், பெரிய விருந்து மறுநாள். அவர் ஜன்னலில் ஒரு காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து முனை. ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படுவது. மிஷனரிகளாகக் கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள், விடுதிப் பள்ளியில் இருந்தபடி செய்து பழகிய நட்சத்திரம் என்று பாட்டி சொன்னார். அன்றிரவு அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் மகளிடம் சொல்லுங்கள்: விடுமுறையில் இங்கேதான் இருப்பேன் என்று வகுப்பிலும், பக்கத்து வீட்டிலும் இப்போதே வாய்விட்டுச் சொல்லட்டும். அவர்களாக வந்து விசாரிக்க மாட்டார்கள், அது அந்த ஊர் மரியாதை. தெரிந்துவிட்டால் விட மாட்டார்கள். 23-ஆம் தேதிக்குள் அரிசி, பால், காய்கறி வாங்கி வைத்துவிடட்டும். 24 மதியம் ஏதாவது ஒரு தேவாலயத்தில் பிள்ளைகள் நடிக்கும் இயேசு பிறப்பு நாடகம் இருக்கும். எந்த மதத்தாரும் போய் உட்காரலாம். சீக்கிரம் போனால்தான் இடம் கிடைக்கும்.

அப்புறம், தோழிகள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு அவளே எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடட்டும். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நாலு ஞாயிறும் அங்கே விசேஷம்தான். வாரம் ஒரு மெழுகுவத்தியாகக் கூட்டி ஏற்றுவார்கள். என்னைக் கேட்டால், பண்டிகை நாளைவிட இந்தக் காத்திருப்புதான் அழகு.

இன்னொன்று. ஒரு சனிக்கிழமை ரயிலேறி பக்கத்திலிருக்கும் புல்ஸ்னிட்ஸுக்குப் போய்வரச் சொல்லுங்கள். சின்ன ஊர். 1706-இல் எங்கள் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு பிறந்தது அங்கேதான். அவர் கல்லறை தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் இருக்கிறது. சிறு வயதிலிருந்து பார்த்த கல்லறைக்குரியவரின் சொந்த ஊரில் போய் நின்றபோது, அந்நிய நாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அந்த ஊர் ‘மிளகு கேக்’குக்குப் பேர்போனது. மிளகு இருக்காது. கடல் கடந்து வந்த மசாலா எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் மிளகு என்றே சொல்லியிருக்கிறார்கள். டப்பாவில் மூடி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. ஊருக்கு வரும்போது உங்களுக்கும் ஒரு டப்பா கொண்டுவரச் சொல்லுங்கள்.