வலியுல்லாஹ் என்று யார் முடிவு செய்வது?

கேள்வி: கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் பட்டம் தர வாடிகன் இருக்கிறது. இஸ்லாத்தில் ஒருவரை வலி (இறைநேசர்) என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு?

பதில்: யாருக்கும் இல்லை. இறைநேசர்களுக்கு அச்சமும் இல்லை, கவலையும் இல்லை என்று சொல்லும் குர்ஆன் (10:62), அவர்கள் யார் என்பதை அடுத்த வசனத்திலேயே ஈமான் (நம்பிக்கை), தக்வா (இறையச்சம்) என்ற இரண்டு தகுதிகளில் முடித்துவிடுகிறது. நடைமுறையில் ஒருவரை வலியாக நிலைநிறுத்துவது முரீதுகளின் (சீடர்களின்) சில்சிலாவும் (குரு-சீடர் தொடரும்), கபுரை (அடக்கத்தலத்தை) தேடி வரும் மக்களும்தான்.

வலியாகும் வழியைச் சொல்லும் ஹதீஸ் குத்ஸி (இறைவனின் கூற்றாக நபி அறிவித்தது) புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. அடியான் இறைவனை நெருங்க அவனுக்கு மிகப் பிரியமானது ஃபர்ளு (கட்டாயக் கடமை). அதன் பிறகு நஃபில்களால் (கூடுதல் வணக்கங்களால்) நெருங்கிக்கொண்டே வந்தால் இறைவன் அவனை நேசிக்கிறான், அவன் கேட்கும் செவியாகவும் பார்க்கும் கண்ணாகவும் இறைவனே ஆகிறான். இந்த வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். ஃபஜ்ர் (அதிகாலை) தொழுகையைக் களாவாக்கிவிட்டு (நேரம் தவறவிட்டு) இரவு முழுக்க திக்ரு (இறைவனை நினைந்து ஓதுதல்) செய்வது இந்தப் பாதையில் சேராது.

கேள்வி: கராமத் (வலியிடம் வெளிப்படும் அதிசயம்) காட்டினால்தானே வலி?

பதில்: இல்லை. கராமத்தே வெளிப்படாவிட்டாலும் வலியின் தகுதி குறையாது என்கிறார் நிஷாப்பூரின் சூஃபி அறிஞர் குஷைரி (986-1072). மறுபக்கம், பாவியின் கையிலும் அதிசயம் நடக்கலாம். அவனை மேலும் வழிதவற விடும் அந்த அதிசயத்துக்கு இஸ்தித்ராஜ் என்று பெயர். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், அதிசயத்தை விட்டுவிட்டு ஆளின் நடப்பைத்தான் பார்க்க வேண்டும். வலி என்று பேரெடுத்த ஒருவரைப் பார்க்கப் போன சூஃபி அபூயஸீத் பிஸ்தாமி, அவர் கிப்லாவை (தொழும் திசையை) நோக்கித் துப்பியதைக் கண்டு ஸலாம்கூடச் சொல்லாமல் திரும்பிவிட்டார். கபுர் வழிபாட்டைக் கடுமையாக எதிர்த்த இப்னு தைமிய்யாவும் (1263-1328) கராமத்தை மறுக்கவில்லை; அவருடைய உரைகல்லும் ஷரீஅத்தே (மார்க்கச் சட்டமே). அடியோடு மறுத்தவர்கள், பகுத்தறிவை முன்னிறுத்திய இறையியல் பிரிவான முஃதஸிலாக்களில் பெரும்பாலோர். நபிக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தெரியாமல் போகுமே என்பது அவர்கள் வாதம். அதற்கு இன்னொரு இறையியல் பிரிவினரான அஷ்அரிகள் சொன்ன பதில்: நபி தம் முஃஜிஸாவை (நபியின் அற்புதத்தை) நபித்துவத்துக்குச் சான்றாக அறிவிப்பார், வலி தம் கராமத்தை மறைப்பார். கராமத்துக்கு விளம்பரம் செய்பவர் இந்த விதிப்படியே அடிபட்டுப் போகிறார்.

கேள்வி: தாம் வலி என்பது வலிக்கே தெரியுமா?

பதில்: குஷைரியின் ஆசிரியர்கள் இருவரே இதில் மாறுபட்டார்கள். தெரியாது, தெரிந்தால் இறையச்சம் போய்விடும் என்றார் இப்னு ஃபூரக். தெரியலாம் என்றார் அபூ அலி தக்காக். குஷைரி இவர் பக்கம். லாகூரில் அடங்கியிருக்கும் சூஃபி ஹுஜ்வீரி வலிகளின் படிநிலைகளுக்குத் தரும் கணக்கு இன்னும் சுவையானது. 300 அக்யார், 40 அப்தால், 7 அப்ரார், 4 அவ்தாத், 3 நுகபா, உச்சியில் ஒரே ஒரு குத்பு. (நூலுக்கு நூல் இந்த எண்கள் மாறும்.) இவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். இவர்களைத் தவிர மறைந்திருக்கும் 4,000 பேர் உண்டு என்கிறார். அவர்களுக்கு மற்றவரையும் தெரியாது, தங்கள் நிலையின் உயர்வும் தெரியாது.