கடிகாரம் எண்ணட்டும், நீங்கள் நடங்கள்
உடல்நலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நகரி, திருத்தணி, சித்தூர், குப்பம், பள்ளிப்பட்டு என ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை. அனைவரும் ஏறக்குறைய ஒன்றையே கேட்டிருக்கிறார்கள்: உடற்பயிற்சியில் கணக்குக்கு எவ்வளவு இடம் கொடுப்பது? அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 61 வயது. வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தான். அதற்கு முன்பெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவேன். இப்போது 10,000 அடி முடியாவிட்டால் தூக்கம் வருவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்து கணக்கை முடிக்கிறேன். அக்கா மெதுவாக நடப்பவர் என்பதால் அவரோடு போவதை நிறுத்திவிட்டேன். வாட்ச்சில் சார்ஜ் இல்லாத நாளில் நடைக்கே போவதில்லை. முழங்காலும் வலிக்கிறது. நான் செய்வது சரிதானா டாக்டர்?
(ஒரு வாசகி, நகரி)

பதில்: அம்மா, சார்ஜ் இல்லாத நாளில் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த வரி அதுதான். நடந்தால் கிடைக்கும் பயன் உங்கள் காலுக்கும் இதயத்துக்கும் போய்ச் சேருகிறதே தவிர, கடிகாரத்துக்கு அல்ல.

முதலில் அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் நடந்து முடிந்த கையோடு, உடற்பயிற்சியில் ஆர்வம் பெருகியிருந்த ஜப்பானில், 1965இல் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கருவியின் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. கேட்பதற்கு நிறைவாகவும் நினைவில் வைக்க எளிதாகவும் இருந்த அந்த எண், எந்த மருத்துவ ஆய்வின் முடிவாகவும் பிறக்கவில்லை. விற்பனைக்காக வைத்த பெயர் காலப்போக்கில் மருத்துவரின் கட்டளை போல ஆகிவிட்டது. ஆய்வுகள் வெகுகாலம் கழித்தே வந்தன. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையும், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடி வரையிலும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 8,000 முதல் 10,000 அடி வரையிலும் பயன் ஏறிக்கொண்டே போய் அதன் பின் சமநிலைக்கு வந்துவிடுவதாகக் காட்டியது. ஆகவே நீங்கள் இரவில் மாடியில் நடக்கும் கடைசி ஆயிரம் இரண்டாயிரம் அடிகளால் உங்கள் ஆயுள் கூடப்போவதில்லை. தூக்கம் கெடுவதும் முழங்கால் வலிப்பதும்தான் மிச்சம்.

அந்த எண்ணிக்கையாவது துல்லியமானதா என்றால் அதுவும் இல்லை. மணிக்கட்டில் கட்டும் கருவி உங்கள் காலைப் பார்ப்பதில்லை, கையின் அசைவை வைத்து அடியை ஊகிக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து வீடுவரை நடந்து பாருங்கள். கை அசையாததால் அடிகள் பல விடுபட்டுப் போகும். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே சப்பாத்திக்கு மாவு பிசையுங்கள். நீங்கள் நடப்பதாக நினைத்து அது அடியைக் கூட்டிக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொரு ஆய்வையும் உங்களுக்காகவே குறிப்பிடத் தோன்றுகிறது. நடை, வாசிப்பு, ஓவியத்துக்கு வண்ணம் தீட்டுதல் போன்ற விருப்பமான செயல்களை எண்ணிக்கையோடு செய்யச் சொன்னபோது மனிதர்கள் அவற்றை அதிகமாகச் செய்தார்கள், ஆனால் குறைவாகவே ரசித்தார்கள் என்றும், எண்ணுவதை நிறுத்தியதும் அந்தச் செயலின் மீது இருந்த நாட்டமும் குறைந்தது என்றும் 2016இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். நீங்கள் பக்கத்து வீட்டு அக்காவை விட்டுவிட்டதும், சார்ஜ் இல்லாத நாளில் வீட்டிலேயே இருந்துவிட்டதும் அப்படியே இதில் அடங்குகின்றன. நடையை உங்களுக்கு இனிமையாக்கியது அவரோடு பேசிய பேச்சு. மெதுவாக நடப்பவர் என்று அவரைக் கழற்றிவிட்டு நீங்கள் சேர்த்த அடிகளைவிட, அவரோடு ஏரிக்கரை வரை போய் வரும் நடையை நான் உயர்வாக மதிப்பேன், ஏனென்றால் அது அடுத்த ஆண்டும் தொடரும்.

வாட்ச்சைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மகன் ஆசையாக வாங்கித் தந்தது. வாரத்தில் ஓரிரு நாள் கட்டிக்கொள்ளுங்கள், மற்ற நாள்களில் அலமாரியில் இருக்கட்டும். இலக்கைக் கேட்கும் இடத்தில் 10,000ஐ மாற்றி 6,000 என்று வைத்துத் தரும்படி மகனிடம் சொல்லுங்கள். முழங்கால் வலி இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும், வீக்கமோ காலையில் நெடுநேரம் விறைப்போ இருந்தாலும், நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடைத் தசையை வலுவாக்கும் எளிய பயிற்சி ஒன்று உண்டு: நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்கி, பிறகு அடுத்த கால். இங்கே எண்ணுவதில் தவறில்லை.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலர் தினமும் காலையில் திருத்தணி மலைப்படி ஏறுகிறோம். செல்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து யார் முதலில் மேலே போகிறார்கள் என்று போட்டி. சென்ற ஆண்டைவிட எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுதலாக ஆகிறது. 58 வயதிலேயே உடம்பு இறங்கிவிட்டதா? என் வயதுக்கு இதயத் துடிப்பு 162ஐத் தாண்டக் கூடாது என்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகர், திருத்தணி)

பதில்: ஐயா, அந்த 365 படிகளில் ஸ்டாப்வாட்ச்சுக்கு நேர் எதிரான ஒரு வழக்கம் ஆண்டுதோறும் உங்கள் கண்முன் நடக்கிறதே! டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழாவில் படிக்கு ஒரு பாடலாகப் பாடிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றி, கூட்டம் நின்று நின்று மேலே போகிறது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த அந்த வழக்கத்திலும் எண்ணிக்கை இருக்கிறது. ஒரு படியையும் விடாமல் எண்ணித்தான் ஏறுகிறார்கள். ஆனால் எவரும் யாரையும் முந்துவதில்லை. எண்ணிக்கை மீது எனக்குப் பகை கிடையாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

58 வயதில் ஓராண்டில் ஒரு நிமிடம் கூடுவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். முந்தைய இரவு சரியாகத் தூங்காதது, கோடைப் புழுக்கம், அண்மையில் வந்து போன காய்ச்சல், ஒருவேளை இரத்தச் சோகை. ஆனால் ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கும் தோளுக்கும் பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ, கண் இருட்டுவதோ இருந்தால் படியேற்றத்தை அன்றே நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். போட்டியின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது: நண்பர்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சு இறுக்கத்தை வாயு என்று சொல்லி மறைத்துக்கொள்ளத் தோன்றும்.

220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கில்தான் உங்களுக்கு 162 வருகிறது. அது பலரது சராசரி. தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மேலேயோ கீழேயோ மாறுவது மிகச் சாதாரணம். இரத்த அழுத்தத்துக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்தக் கணக்கு சிறிதும் பொருந்தாது. அதைவிட நம்பத்தக்க அளவுகோல் உங்கள் வாயிலேயே இருக்கிறது. ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது மிதமான உழைப்பு. நாலு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் அது கடுமையான உழைப்பு. சற்று நின்றுவிட்டு ஏறுங்கள். இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம் என்பதால், இறங்குவதில் போட்டி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வயது 24. ஜிம்முக்குப் போகிறேன். காலையிலும் இரவிலும் எடை பார்ப்பேன். டிரெட்மில்லில் 400 கலோரி காட்டினால்தான் இரவுச் சாப்பாடு. நேற்று ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்ததைப் பார்த்துச் சாப்பிடவே இல்லை. காய்ச்சலிலும் ஒருநாள் தவறவிட்டதில்லை. வீட்டில் திட்டுகிறார்கள்.
(ஒரு வாசகர், சித்தூர்)

பதில்: தம்பி, வீட்டில் திட்டுவது சரிதான். ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் பத்தாயிரம் கலோரிக்கும் அதிகமாக உண்டிருக்க வேண்டும். முந்தின இரவு ராகி சங்கட்டியோடு ஆவக்காய் ஊறுகாயைச் சற்று தாராளமாகப் போட்டுக்கொண்டாலே போதும், உப்பு நீரைப் பிடித்துவைத்து மறுநாள் எடையைக் கூட்டிக் காட்டும். தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தும் தன் எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீரோடுதான் தங்குகிறது. தினமும் இருமுறை எடை பார்ப்பவர் பெரும்பாலும் தண்ணீரின் போக்குவரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கலோரிக் கணக்கு அதைவிட மோசம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கைக்கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றில் ஆறு இதயத் துடிப்பை ஓரளவு சரியாகக் காட்டின. ஆனால் செலவான கலோரியைக் காட்டுவதில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழையானது. டிரெட்மில்லும் உங்கள் உடலின் வாகை அறியாமல் ஒரு பொதுக் கணக்கைத்தான் போடுகிறது. இத்தகைய எண்ணை வைத்து இரவுச் சாப்பாட்டை முடிவுசெய்வது நியாயமா?

ஆனால் உங்கள் கடிதத்தில் கணக்கைவிடக் கவலைக்குரியது வேறொன்று. காய்ச்சலிலும் ஜிம்முக்குப் போவது, சாப்பாட்டை உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய கூலியாக நினைப்பது, எடை கூடியதும் பட்டினி கிடப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அதை ஒழுக்கம் என்று பாராட்ட முடியாது. மனநல மருத்துவரின் உதவி தேவைப்படும் நிலையாக அது இருக்கலாம். பெண்களுக்கு மட்டும் வருவது என்று எண்ணி ஆண்கள் வெளியே சொல்லாமல் விடுகிறார்கள். நேரில் போகத் தயக்கம் இருந்தால் அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். எடை பார்க்கும் கருவியைக் கொஞ்ச காலம் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: நடைப்பயிற்சி என்றாலே எனக்கு அலுப்பு. மாலையில் மகளோடும் தெருப் பிள்ளைகளோடும் சேர்ந்து பாண்டி ஆடுவேன். இங்கே அதைத் தொக்குடு பில்லா என்பார்கள். கயிறும் தாண்டுவேன். இதெல்லாம் உடற்பயிற்சிக் கணக்கில் வருமா?
(ஒரு வாசகி, குப்பம்)

பதில்: தாராளமாக வரும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் பயிற்சி என்று முன்பு சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம், 2020இல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்பதே அதன் பரிந்துரை. அதை நடந்துதான் தீர்க்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஒற்றைக் காலில் தாவுவது எலும்புக்கும் உடல் சமநிலைக்கும் நல்லது. கயிறு தாண்டுவதைச் சிமென்ட் தரையைவிட மண் தரையில் செய்யுங்கள். பிடிக்காத நடையை ஒரு மாதம் நடந்துவிட்டு நிறுத்துபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் நிறுத்தப் பார்த்தாலும் தெருப் பிள்ளைகள் விடமாட்டார்கள்!

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், சர்க்கரை நோயாளி. எண்களைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது என்று பல இடங்களில் படித்துவிட்டு, சர்க்கரை அளவு பார்ப்பதையும் விட்டுவிட்டேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மகிழ்ச்சியாக நடக்கிறேன். போதும்தானே?
(ஒரு வாசகர், பள்ளிப்பட்டு)

பதில்: போதாது ஐயா. அடிகளின் எண்ணிக்கையும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவும் ஒரே இனத்து எண்கள் அல்ல. அடி குறைந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. சர்க்கரை ஏறினாலும் பெரும்பாலும் உடம்பில் எதுவும் தெரியாமலேயே கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். உடம்பு தானாக உணர்த்தாத ஒன்றை அளந்துதான் அறிய வேண்டும். இரத்த அழுத்தமும் இந்த வகையைச் சேர்ந்ததே. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்று உங்கள் மருத்துவரைக் கேட்டு, தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

வெறும் வயிற்று நடையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நீங்கள் இன்சுலினோ, கிளைமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவராக இருந்தால் நடக்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. கிளம்பும் முன் பார்க்கையில் 90க்குக் கீழே இருந்தால் சிறிதளவு மாவுச்சத்துள்ள உணவை உண்டுவிட்டுச் செல்லுங்கள். வழியில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால், 70க்குக் கீழே போயிருக்கலாம் என்று கொண்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் அதே அளவு. சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையும், நீங்கள் சர்க்கரை நோயாளி என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய ஒரு சீட்டும் எப்போதும் இருக்கட்டும். எல்லையோரத்தில் எந்தப் பக்கத்துக்காரர் முதலில் ஓடி வருவார் என்று சொல்ல முடியாது. வெறுங்காலோடு நடக்காதீர்கள், திரும்பி வந்ததும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.