பரோசா ஒயின் எல்லாம் ஜாம் மாதிரி கெட்டியாகத்தானே இருக்கும்? வெயிலைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

நீங்கள் குடித்தது பறிக்கத் தாமதமான ஷிராஸாக, அதாவது அந்தக் கருந்திராட்சையின் ஒயினாக இருக்கும். அதை வைத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு பள்ளத்தாக்கையே எடை போடாதீர்கள்.

வெப்பம் ஏற ஏற, பழம் புளிப்பைத் தரும் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்திலேயே எரித்துவிடும்; சர்க்கரையோ ஏறிக்கொண்டே போகும். பழத்தின் சர்க்கரையை அளக்கும் பாமே கணக்கில் 14-ல் பறித்தால் ஏறக்குறைய 14 சதவீத ஆல்கஹால். அனல்காற்றில் நாலு நாள் விட்டுவைத்தால் ஷிராஸ் கொடியிலேயே சுருங்கும்; அந்த ஜாம் வாடை அப்போதுதான் வருகிறது. புளிப்பு குறையக் குறைய பிஎச் ஏறும்; அது 3.8-ஐ எட்டினால் நிறம் மங்கும், ஒயின் கெடாமல் காக்கும் கந்தக டை ஆக்சைடு வலுவிழக்கும், பாக்டீரியா புகுந்துவிடும். அதனால் டார்டாரிக் அமிலம் சேர்க்கிறார்கள்: லிட்டருக்கு 1 கிராம் போட்டால் பிஎச் சுமாராக 0.1 இறங்கும். நொதிக்கும் முன்பே போட வேண்டும். கடைசியில் போட்டால் புளிப்பு ஒட்டாமல் தனியாக நிற்கும். இதைக் கலப்படம் என்று சண்டைக்கு வருவார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்குச் சட்டப்படி அனுமதி உண்டு. சர்க்கரை சேர்க்கத்தான் தடை.

தோட்டத்தில் நடக்கும் பெரிய தப்பு, காற்றோட்டத்துக்காக மேற்குப் பக்க இலைகளைக் கிள்ளுவது. பிற்பகல் வெயில் நேராகக் குலையில் விழுந்து தோல் வெந்துவிடும். கிழக்கில் மட்டும் கிள்ளலாம். பறிப்பது இரவில், பழம் குளிர்ந்திருந்தால் சாறு சீக்கிரம் பழுப்பேறாது, மணமும் தங்கும்.

கிரெனாஷ் என்ற இன்னொரு கருந்திராட்சை வறட்சியைத் தாங்கும். சர்க்கரை அதிகம், நிறம் கம்மி. கடைசியில் பழுக்கும் மட்டாரோ திராட்சை கூடச் சேர்ந்தால் துவர்ப்பும் இறுக்கமும் வரும். வடக்கே எபனீசர் பக்கம் ஷிராஸ் கனம். தெற்கே லிண்டாக் பக்கம் மென்மை. ஒட்டியே இருக்கும் ஈடன் பள்ளத்தாக்கு இன்னும் உயரத்தில் இருக்கிறது. அங்கே எலுமிச்சை மணத்தோடு, கூர்மையான புளிப்போடு ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. எல்லாமே ஒரே வெயில் என்றால் இது எப்படி?

கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். வேரை அரிக்கும் ஃபிலாக்சரா பூச்சி 1877-லேயே விக்டோரியாவில் தெரிந்தது. தெற்கு ஆஸ்திரேலியா 1899-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுக் கொடிகள் அப்படித்தான் தப்பின. பூச்சி தொடாததை 1980-களின் நடுவில் அரசே காசு கொடுத்துப் பிடுங்க வைத்தது. பழைய ஷிராஸும் கிரெனாஷும் வேரோடு போயின. 2009-ல்தான் 35, 70, 100, 125 வயது என்று வகை பிரித்து, மிச்சமிருந்த கொடிகளுக்குப் பரோசாவில் ஒரு சாசனம் எழுதினார்கள். பரோசாவின் டனண்டா ஊரில் 1843-ல் நட்ட ஷிராஸ் இன்னும் காய்க்கிறது.