பாலைவனத்தில் ஒரு ராத்திரி: எந்த ஓட்டலைப் போடலாம்?

அக்கா, டிசம்பரில் கும்பகோணத்திலிருந்து அத்தையும் மாமாவும் விசிட் விசாவில் வருகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி பாலைவனத்தில் ஒரு நல்ல ஓட்டலில் தங்க வைக்க ஆசை. அத்தைக்கு முழங்கால் வலி. இருவரும் சுத்த சைவம். பையனுக்கு ஆறு வயது. கணவருக்குச் சனி, ஞாயிறுதான் லீவு. அல் மஹா, கஸர் அல் ஸராப், பாப் அல் ஷம்ஸ் மூன்றையும் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறோம். செலவானாலும் பரவாயில்லை. எது சரிப்படும்?
- வாசகி, ஷார்ஜா

பாப் அல் ஷம்ஸ். உங்கள் வீட்டு நிலவரத்துக்கு அதுதான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அபுதாபியில் ஓட்டல் ரிசர்வேஷனில் நான் வேலை பார்த்தபோது, போனில் பேசுகிறவர்கள் ரூம் எவ்வளவு பெரிசு, நீச்சல்குளம் எப்படி என்றுதான் கேட்பார்கள். எத்தனை மணிக்கு வந்து சேர முடியும் என்று யோசிப்பவர்கள் குறைவு. பாலைவன ஓட்டலில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது சாயங்காலம் நாலு மணிமுதல் மறுநாள் காலை ஒன்பதுவரை உள்ள பொழுதைத்தான். டிசம்பரில் ஐந்தரை வாக்கில் சூரியன் இறங்கிவிடும், காலையில் ஏழு மணி சுமாருக்குத்தான் உதிக்கும். செக்-இன் கிடைப்பதே பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்கு. வழியில் ஒரு மணி நேரம் தாமதமானால் அந்தச் சாயங்காலம் போனது போனதுதான்.

கஸர் அல் ஸராப் அபுதாபியின் தெற்கே லிவா பக்கம், ருப் அல் காலி என்கிற பெரிய மணல்வெளிக்குள் இருக்கிறது. 2009-இல் திறந்தது. மணலின் அழகுக்கு என்றால் மூன்றிலும் அதற்குத்தான் என் ஓட்டு. அங்கே காலையில் கதவைத் திறந்தால் வாசல் மணலில் ராத்திரி வண்டு ஊர்ந்துபோன தடம் சின்னத் தையல் போட்ட மாதிரி வரிசையாகத் தெரியும். காற்று எழும்பியதும் அது அழிந்துவிடும், அதனால் சீக்கிரம் எழுந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். ஆனால் ஷார்ஜாவிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மாமா நடுவில் இறங்கி டீ குடிப்பார், பையன் பாத்ரூம் கேட்பான். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதென்றால் பாதி விடுமுறை ரோட்டில்தான் போகும். வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பி இரண்டு ராத்திரி தங்க முடிகிறவர்கள் தயங்காமல் போகலாம். அங்கே போகிற ஹமீம் ரோட்டில் ஏறுமுன் பெட்ரோல் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அல் மஹா 1999-இலிருந்து இருக்கிறது. துபாய் பாலைவனப் பாதுகாப்புக் காடு என்று 225 சதுர கிலோமீட்டரை ஒதுக்கியிருக்கிறார்களே, அதற்குள். அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் 1972-இல் காட்டில் அடியோடு அற்றுப்போனது. வளர்த்துப் பெருக்கித் திரும்ப விட்டதில், இன்று உங்கள் ரூம் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அது பக்கவாட்டில் நின்றால் இரண்டு கொம்பும் ஒன்றாகத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஒவ்வொரு ரூமுக்கும் தனிக் குளம் உண்டு, சாப்பாடும் சேர்த்தே கட்டணம். ஆனால் சின்னப் பிள்ளைகளை அங்கே அனுமதிப்பதில்லை. உங்கள் கல்யாண நாளுக்கு எடுத்துவையுங்கள்.

சரி, பாப் அல் ஷம்ஸ். துபாய் பாலைவனத்தில் 2004-இல் வந்தது, புதுப்பித்து 2023-இல் மறுபடி திறந்தார்கள். டிராஃபிக் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். மண் நிறத்தில் தாழ்வான கட்டடங்கள், நடுநடுவே முற்றங்கள். அத்தை மணலில் கால் வைக்காமலே நாற்காலி போட்டு உட்கார்ந்து அஸ்தமனம் பார்க்கலாம். பையனுக்கு விளையாட இடமும் உண்டு. குறை என்றால், ராத்திரியில் துபாய் வெளிச்சம் ஒரு பக்கம் வானத்தை வெளுக்கவைக்கும், லிவாவில் தெரிகிற அளவு நட்சத்திரம் தெரியாது. காலண்டரில் அமாவாசைக்குப் பக்கத்துச் சனிக்கிழமையாகப் பார்த்துப் போடுங்கள், ஓரளவு ஈடாகும்.

புக் பண்ணும்போதே ஓட்டலுக்குப் போன் போட்டு, தரைத்தளத்தில் அடுத்தடுத்த ரூம் வேண்டும், பெரியவருக்கு முழங்கால் வலி, ரூம்வரை பக்கி என்கிற சின்ன பேட்டரி வண்டி வேண்டும் என்று சொல்லுங்கள். ஆன்லைனில் டைப் செய்கிற குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். சாப்பாட்டைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். அரபு விருந்தில் ஹம்முஸ் என்கிற கொண்டைக்கடலை மசியல், ஃபத்தூஷ், தப்பூலே என்கிற சாலட் எல்லாம் சைவம்தான். பருப்பு சூப்பில் மட்டும் கோழி வேகவைத்த தண்ணீர் சேர்ந்திருக்கலாம், திராட்சை இலைச் சுருளுக்குள் கறி இருக்கலாம். இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத் தட்டில் வையுங்கள். ஒரு நாள் முன்னால் சொன்னால் தயிர்சாதம் செய்துதர நல்ல ஓட்டல்கள் மறுப்பதில்லை.

அத்தையை ஒட்டகத்தில் ஏற்றவேண்டாம். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அந்த நேரத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, கைப்பிடியை இறுக்கி, முழங்காலை அழுத்திப் பிடிக்கவேண்டும். உட்காரும்போது முன்னங்கால் மடிந்து மறுபடி அதே குலுக்கல். மாமாவுக்கு முதுகு நன்றாக இருந்தால் அவர் போகட்டும். ஜீப்பில் மணல்மேடு ஏறி இறங்குவதும் இரண்டு பேருக்கும் வேண்டாம்.

வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். துபாயில் சேவைக் கட்டணம் 10 சதவீதம், முனிசிபாலிட்டிக்கு 7, வாட் 5, போதாததற்கு ஐந்து நட்சத்திர ஓட்டலில் ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 20 திர்ஹாம். வரி சேர்க்காமல் 1,000 திர்ஹாம் என்று காட்டினால் கையை விட்டுப் போவது 1,200-ஐத் தாண்டும். பெரியவர்களின் அசல் பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள், செக்-இன் மேஜையில் கேட்பார்கள்.

ஜூனில்தான் எங்களுக்குக் கல்யாண நாள். அப்போது பாலைவன ஓட்டல்களில் ரேட் ரொம்பக் குறைவாக இருக்கிறது. போகலாமா?
- வாசகர், அபுதாபி

அந்த மாதம் மதிய வெயில் பல நாள் 45 டிகிரியை ஒட்டிப் போகும். குறைந்த விலைக்கு நல்ல ரூமும் குளமும் கிடைத்தால் போதும் என்றால் போங்கள். பாலைவனத்தைப் பார்க்க ஆசை என்றால் நவம்பர்வரை பொறுங்கள். ஜூனிலேயே போவதானால் காலை ஐந்தரைக்கு எழுந்து வெளியே வந்துவிடுங்கள், ஏழரைக்கு மேல் நிற்க முடியாது.

நாங்கள் நாலு தோழிகள். பெரிய ரிசார்ட் கூட்டம் பிடிக்காது. அமைதியாக ஓர் இடம் சொல்லுங்களேன்.
- வாசகி, துபாய்

ஷார்ஜாவின் மலீஹா பக்கம் பாருங்கள். அங்கே அல் ஃபாயா என்று ஒரு தங்குமிடம், மொத்தமே ஐந்து ரூம். 1960-களில் கிளினிக்கும் மளிகைக்கடையுமாக இருந்த கல் கட்டடங்களைப் புதுப்பித்துக் கட்டியது. சுற்றிலும் இருக்கிற ஃபாயா நிலப்பரப்பை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மிகப் பழங்காலத்து மனிதர்கள் தங்கி வாழ்ந்த இடம் அது. மலீஹா தொல்லியல் மையத்தைப் பகலிலேயே பார்த்துவிட்டு ரூமுக்கு வாருங்கள். ரூம் குறைவு என்பதால் குளிர்காலச் சனிக்கிழமைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி தங்க முடிந்தால் இன்னும் நிம்மதி.